சிம்மக்கல் பக்கம் போக முடியவில்லை

மதுரை
ஐப்பசி, மழை விட்ட ஞாயிறு

மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. திட்டுவதை எல்லாம் நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். மகளுக்குப் பேறுகாலம் பார்க்க இவள் ஓசூர் போயிருக்கிறாள். பெரியவர் போன வாரம் மறுபடி கீழே விழுந்தார், மறுபடி "விழல, உக்காந்தேன்" என்கிறார்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. ஒரு கேவலமான வேலை செய்துவிட்டேன். நீ நாலு வருஷம் பேக்கரி அடுப்படியில் வெந்தவன், உன்னிடம்தான் சொல்ல முடியும்.

தனியாள் சமையல் எப்படி இருக்கும்? ராத்திரிக்குப் பிரட்தான். சிம்மக்கல்லில் ஒரு கடையில் 400 கிராம் பாக்கெட் வாங்குவேன். முதல் பாக்கெட்டை அடுப்பு மேடையிலேயே வைத்தேன். மழை ஈரம், நாலாம் நாள் ஓரத்தில் பச்சையாக ஒரு பொட்டு. அதைப் பிய்த்து எறிந்துவிட்டு மீதியைத் தின்றேன். மூஞ்சியைச் சுளிக்காதே, அதற்கான தண்டனையை ராத்திரி பூராவும் அனுபவித்தேன். அடுத்த பாக்கெட்டை உஷாராக ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் எடுத்தால் வறட்டி! மடித்தால் நடுவில் பிளக்கிறது, ஜாம் தடவினால் உதிர்கிறது. கவரில் தேதி சரியாகத்தான் இருந்தது. தேதியை மாற்றி ஒட்டுகிறான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

கடைக்குப் போய், நாலு பேர் நிற்கும்போது பாக்கெட்டைக் கண்ணாடி மேல் விட்டெறிந்து, பழசை விற்கத்தான் கடையா என்று கத்தினேன். அந்த மனுஷர் பாக்கெட்டை மெதுவாக அமுக்கிப் பார்த்தார். "நேத்துக் காலைல வந்த லோடு சார். வீட்ல எதுல வச்சிருந்தீங்க?" என்றார். எனக்கு அது திமிராகப் பட்டது. இன்னும் இரண்டு வார்த்தை கூடுதலாகப் போட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அக்கா மகள் வந்தாள். உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறாளே, அவள்தான். கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிரட் வறளுவதற்குத் தண்ணீர் போகவே வேண்டாமாம் மாப்ள! மாவில் இருக்கும் ஸ்டார்ச் அடுப்புச் சூட்டில் தண்ணீரைக் குடித்து இளகுகிறது. ஆறிய பிறகு மெல்ல மெல்ல மறுபடி இறுகிக்கொள்கிறது. அந்த இறுக்கம் ரொம்ப வேகமாக நடப்பது ஃபிரிட்ஜ் குளிரில்தான். பூசாங்கோ என்றெல்லாம் ஒரு பிரெஞ்சுக்காரர் பெயர் சொன்னாள். ஈரம் வெளியே போகாமல் மூடி வைத்தாலும் பிரட் பழசாகும் என்று 1852லேயே காட்டிவிட்டாராம். நூற்றெழுபது வருஷம் கழித்து நான் சிம்மக்கல்லில் சண்டை போடுகிறேன்.

ஆனால் ஃபிரிட்ஜில் பூஞ்சை தள்ளிப்போகும், அது உண்மை. ஒன்றைத் தடுக்கப் போய் இன்னொன்றை வாங்கிக்கொள்கிறோம். மூன்று நாளில் தீர்ந்துவிடும் என்றால் வெளியிலேயே வை, வாயை இறுக்கிக் கட்டு. தீராது என்றால் ஃப்ரீசர். அந்த உறைகுளிரில் இறுகுவதும் நின்றுவிடுகிறது, பூஞ்சையும் நின்றுவிடுகிறது. இரண்டு துண்டை எடுத்து அப்படியே தோசைக்கல்லில் போட்டால் இறுகினது இளகி, புதுசு மாதிரி ஆகிவிடுகிறது. ஐந்து நாளாக இதே வேலைதான் எனக்கு. உன் கொடைக்கானல் குளிரே பாதி ஃபிரிட்ஜ், நீ முதல் நாளே தின்றுவிடு.

பச்சைப் பொட்டுக்கும் விளக்கம் கிடைத்தது. அடுப்பிலேயே பூஞ்சை விதை செத்துவிடுமாம். ஆறும்போதும் வெட்டும்போதும்தான் புதிதாக வந்து உட்காருகிறது. கண்ணுக்குத் தெரிவது பொட்டு, வேர் உள்ளே எங்கே வரைக்கும் ஓடியிருக்கிறதோ. முழுசாக எறிய வேண்டியதுதான். நல்லா ஆறாமல் கவருக்குள் போட்டால் வேர்த்துப்போகும் என்று நீ மேஸ்திரியிடம் அடி வாங்கினாயே, அதெல்லாம் இதற்குத்தானா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா பாவி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்போது நான் சிம்மக்கல் வழியே போவதில்லை. யானைக்கல் பக்கம் சுற்றிப் போகிறேன். அந்த ஆள் கேட்டது நியாயமான கேள்வி, "எதுல வச்சிருந்தீங்க?" அதற்கு நான் பதில் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சைக்கிள் விஷயத்தில் தவக்களையை நாம் என்ன பேச்சுப் பேசினோம் என்று நினைத்துப் பார். சைக்கிள் கிடைத்த பிறகும் இரண்டு பேரும் போய்ச் சொல்லவில்லை. அப்புறம் சொல்லலாம் என்றிருந்தோம், அவன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

கடைக்கு நாளைக் காலையில் போகலாம் என்று இருக்கிறேன், கூட்டம் வருமுன். இல்லை, கூட்டம் இருக்கும்போதுதான் போகவேண்டுமா? கத்தியது நாலு பேர் முன்னால்தானே. நீ என்ன நினைக்கிறாய், உடனே எழுது.

கார்த்திகைக்கு இவள் வந்துவிடுவாள். அதற்குமுன் நீ ஒரு நடை வந்து போ. ஃப்ரீசரில் ஒன்றரைப் பாக்கெட் இருக்கிறது. கடையில் நடந்ததை மட்டும் இவளிடம் உளறிவிடாதே. ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள் என்று போகும்போதே சொல்லிவிட்டுத்தான் போனாள்.

உன்,
குண்டு