ஊருணியின் மேற்குக் கரையை மண்ணாகவே விட்டுவையுங்கள்

மதிப்பிற்குரிய ஊருணித் திருப்பணிக் குழுவினருக்கும் ஊராட்சி மன்றத்தாருக்கும் வணக்கம்.

நம் ஊருணியைத் தூர்வாரி, நான்கு கரைகளுக்கும் சிமெண்டுச் சரிவு கட்டி, உயர்கோபுர மின்விளக்கு நிறுத்தப் போவதாக அறிந்தேன். தூர்வாருவது தேவையான பணி. அதற்கு என் பங்கையும் தருவேன். இம்மடல் மேற்குக் கரையைப் பற்றியது மட்டுமே.

சென்ற ஆண்டு ஆத்தா காலமானபின், முகப்பிலிருந்து பின்கட்டு வரை நீண்டு கிடக்கும் வீட்டில் நான் ஒருவனே எஞ்சினேன். தூக்கம் பிடிக்காத விடியற்காலைகளில் வளவு முற்றத்தில் நிற்கவே மனம் அஞ்சியதால், ஊருணியின் தென்புறப் படித்துறையில் போய் உட்காரத் தொடங்கினேன். பறவைகளைத் தேடிப் போகவில்லை. எதிரே ஒரு முக்குளிப்பான் மூழ்கியது; அது எங்கே எழும் என்று பார்த்திருந்த அந்தச் சில நொடிகள், மருத்துவமனை நினைவு இல்லாமல் கழிந்த முதல் நொடிகள். மறுநாளும் போனேன். கோரையோடு பிணைத்த மிதக்கும் கூட்டை விட்டு இறங்கும்போதெல்லாம் அது முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டுப் போவதையும், ஏறத்தாழ 20 நாட்கள் அடைகாத்தபின் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துவதையும் கண்டேன். கரையில் தவிட்டுக்குருவிகள் நெருங்கி அமர்ந்து, ஒன்றன் கழுத்தை மற்றொன்று கோதிக்கொண்டே சளசளக்கும். பேச ஆளில்லாத வீட்டிலிருந்து வந்தவனுக்கு அந்தச் சத்தம் பெரிய துணையாக இருந்தது. துக்கம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அதைச் சுமந்துகொண்டு வீடு திரும்ப முடிந்தது.

மேற்குக் கரையின் செங்குத்தான மண்சுவரில்தான் வெண்மார்பு மீன்கொத்தி ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் நீளத்துக்கு வளை குடைந்து முட்டையிடுகிறது. சிமெண்டில் அதனால் குடைய முடியாது. கோரை முழுவதையும் வழித்தெடுத்தால் முக்குளிப்பானுக்குக் கூடு கட்டப் பிடிமானம் இராது. அங்குள்ள புளியமரத்தில் அடையும் கொக்குகளுக்கும், இருட்டிய பிறகே இரை தேடக் கிளம்பும் வக்காவுக்கும் இரவு இரவாக இருக்க வேண்டும்.

நம் மாவட்டத்து வேட்டங்குடி 1977இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கு வரும் பறவைகளுக்காகக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. நம் ஊருணிப் பறவைகள் எல்லா ஊரிலும் காணக்கூடியவை; அவற்றுக்காக எவரும் சரணாலயம் அறிவிக்கப் போவதில்லை. ஆயினும் எங்கும் பயணம் போக இயலாத முதியவர்களும் நோயாளிகளும் பத்தடி நடந்து பார்க்கக்கூடியவை இவையே. பிள்ளைகள் வெளியூரில் இருக்கத் தனியே வசிப்போர் நம் தெருக்களில் எத்தனை பேர் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

ஆகவே, மேற்குக் கரையை மட்டும் சிமெண்டின்றி மண்ணாக விடவும், வடமேற்கு மூலைக் கோரையைத் தொடாதிருக்கவும், விளக்கைக் கிழக்குச் சாலையோரம் தாழ்வாக அமைக்கவும், கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும் நாட்களில் இயந்திரம் இறக்காதிருக்கவும் வேண்டுகிறேன்.

வரைபடத்தை இறுதி செய்யும் முன் ஒரு நாள் காலை ஆறு மணிக்குத் தென்புறப் படித்துறைக்கு வாருங்கள். மீன்கொத்தியின் வளை இருக்கும் இடத்தை நான் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஊருணிக்கரைத் தெருவாசி ஒருவன்