குன்னூரில் மாதக் கச்சேரி: முதல் கச்சேரி ஜனவரி 11, ஞாயிறு

வணக்கம். மார்கழிக் கச்சேரிக்குச் சென்னை போய்வரும் செலவில் இங்கேயே வருடம் முழுவதும் கேட்கலாம் என்று பேசிக்கொண்டே இருந்தோம். தொடங்கிவிட்டோம்! நம் குடியிருப்புக் கூடம், மாலை 4 மணி. வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம்.

1. நுழைவு 50 ரூபாய். பிள்ளைகளுக்கு இலவசம். தனி வரிசை யாருக்கும் கிடையாது. முந்தி வருபவருக்கு முன் ஜமக்காளம்.
2. உறைபனிக் காலம், கம்பளி அவசியம்.
3. ஈரக்காற்றில் மிருதங்கத் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். கூடத்தை 2 மணிக்கே சூடாக்க வேண்டும். ஹீட்டர் வைத்திருக்கும் இருவர் கொடுத்து உதவுங்கள்.
4. மங்களம் 6.30க்கு. கோத்தகிரி பஸ்ஸை நினைத்து நடுவில் எழ வேண்டாம்.

வியாழன் இரவுக்குள் எத்தனை பேர் என்று எண்ணாக எழுதுங்கள். கட்டைவிரல் குறியை வைத்துச் சுக்குக் காபி கணக்குப் போட முடியவில்லை.