பிள்ளைகளைத் திட்டும் முன் விசைப்பலகையைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் இதே பகுதியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுதிய கடிதத்தைக் கடையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனில் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள், 'சாப்டியா' என்று கேட்கக்கூட ஆங்கில எழுத்துதான் வேண்டியிருக்கிறது, இப்படியே போனால் தமிழ் எழுத்தைக் கல்வெட்டில்தான் பார்க்க வேண்டும் என்று மனம் நொந்து எழுதியிருந்தார். ஐயாவின் ஆதங்கம் புரிகிறது. ஆனால் அவர் கூண்டில் ஏற்றியிருக்கும் ஆள் தப்பு.

நான் விருதுநகரில் டிடிபி கடை, அதாவது அச்சுக்குப் போகும் மேட்டரைக் கம்ப்யூட்டரில் அடித்து வடிவமைத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். 1991ல் தமிழ் டைப்ரைட்டிங் பரீட்சையில் லோயர் கிரேடு, அடுத்த வருஷம் ஹையர் கிரேடு, அப்புறம் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பொங்கல் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று இந்த ஊரின் நல்லது கெட்டது எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முன்பெல்லாம் ஒரு தாளில் கையால் எழுதிக்கொண்டு வருவார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். போன வைகாசியில் ஒரு தம்பி தன் அக்கா கல்யாணத்துக்கு அனுப்பிய மேட்டரில் 'திருமண விலா' என்று இருந்தது. விலா எலும்புக்கு யார் பத்திரிகை அடிப்பார்கள் என்று சிரித்துவிட்டுத் திருத்தினேன். கீழே போகப் போக 'வால்த்த வாருங்கள்', 'அருல்மிகு' என்று வரிசையாக வந்தது. ஆனால் அந்தத் தம்பி கடைக்கு வந்து பேசும்போது கவனித்தேன், வாயில் ழகரம் சுத்தமாக வருகிறது. எழுதச் சொன்னாலும் பேனாவால் சரியாகத்தான் எழுதுகிறான். கோளாறு அவனிடம் இல்லை. அவன் ஆங்கில எழுத்தில் தட்ட, அதைப் பார்த்து போன் தமிழைக் கணிக்கிறது. ஆங்கிலத்தில் எல் ஒன்றுதான், நமக்கு ல, ள, ழ மூன்று. அங்கே 'என்' (n) ஒன்று, நமக்கு ந, ன, ண. எது வேண்டும் என்று போன் ஒரு குத்துமதிப்பில் எடுத்துப் போடுகிறது, அவசரத்தில் அவன் அனுப்பிவிடுகிறான்.

சரி, அவன் ஏன் தமிழ் விசைப்பலகையில் அடிக்கவில்லை? அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. மூன்றாம் வகுப்பிலிருந்து கம்ப்யூட்டர் பீரியட் இருந்திருக்கிறது. அதில் ஒரு நாள்கூட 'க' எங்கே இருக்கிறது என்று யாரும் காட்டவில்லை. நான் கேட்டே விட்டேன். "தமிழுக்குத் தனியா இருக்காக்கா?" என்றான்.

இருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 என்ற கணினித் தமிழ் மாநாட்டையொட்டி உருவாகி, அரசே தரம் என்று அறிவித்த பலகை. தமிழ்99 என்று பெயர். கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. விரல் சும்மா இளைப்பாறும் நடுவரிசையில் இடமிருந்து அ, இ, உ, புள்ளி, எ, க, ப, ம, த, ந, ய. 'கெ' வேண்டுமா, க அடித்து எ அடியுங்கள். க் + எ = கெ என்று அந்த ஆசிரியர் ஐயா கரும்பலகையில் எழுதிப் போட்டாரே, அதேதான்! 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி, ஆக 31 விசையில் வேலை முடிந்தது. ஆய்தமும் கிரந்தமும் ஷிஃப்டோடு வந்துவிடும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது புள்ளி சமாசாரம். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ, நாலே தட்டு. ஒரே மெய் இரண்டு தடவை வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 'தங்கம்' என்று அடித்தால் ங பக்கத்தில் க வந்ததுமே ங தலையில் புள்ளி வந்து உட்கார்ந்துகொள்ளும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற எல்லாமே இப்படித்தான். நாம் பள்ளிக்கூடத்தில் இன எழுத்து என்று மனப்பாடம் செய்து மறந்துபோனதை இந்தப் பலகை மறக்காமல் வைத்திருக்கிறது. 'மமதை' மாதிரி புள்ளி வேண்டாத இடத்தில் நடுவில் ஒரு அ தட்டினால் போதும். பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டினால் ஏதோ வித்தை பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.

எனக்கே வெட்கமான கதை ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2010 வரை நானும் தமிழ்99 பக்கம் போகவில்லை. என் விரலுக்குப் பழைய டைப்ரைட்டர் பலகைதான் பழக்கம். யாழ்ப்பாணத்துக்காரரான ஆர். முத்தையா, மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் இருந்துகொண்டு போன நூற்றாண்டின் முதல் பாதியில் அமைத்துக் கொடுத்த வரிசை அது. ஆங்கிலத்துக்காகச் செய்த பொறிக்குள் 247 எழுத்தையும் அடக்கிய மனுஷன், கும்பிட வேண்டும். அதில் 'க்' வேண்டுமென்றால் முதலில் புள்ளியை அடிப்போம். அந்த விசைக்கு வண்டி நகராது. அப்புறம் க அடித்தால் எழுத்து வந்து புள்ளிக்குக் கீழே உட்காரும். கெ, கே-க்கும் கொம்புதான் முதலில். இரும்புப் பொறிக்கு அது நியாயமான ஏற்பாடு. கம்ப்யூட்டருக்கு எதற்கு? ஆனால் எங்கள் ஊர்ப் பயிலகத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனால் இன்றைக்கும் அதே டகடக சத்தம்தான். அரசு வேலைக்கு லோயர், ஹையர் வேண்டும் என்று பிள்ளைகள் அந்த வரிசையை மாங்கு மாங்கென்று பழகுகிறார்கள். பழகிவிட்டு வெளியே வந்தால் வேலை செய்யப்போகும் கம்ப்யூட்டரில் ஒரு பலகை, கையில் இருக்கும் போனில் வேறொரு பலகை. ஒரே மாநிலத்தில் ஒரே மொழிக்கு மூன்று வழி. இதில் எந்த வழியும் பள்ளிக்கூடத்து வாசலில் தொடங்கவில்லை.

2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயம் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரு எழுத்துக்கு ஒரே எண் என்று வைக்கும் யூனிகோடு முறையை அரசு ஏற்று ஆணை போட்டது. அதற்கப்புறம் யூனிகோடில் கொடுங்கள் என்று வாடிக்கையாளர்கள் கேட்க ஆரம்பித்தார்கள், நானும் வேறு வழியில்லாமல் தமிழ்99 பழகினேன். அப்போது எனக்கு 37 வயது. மூன்று வாரம் பிடித்தது, அதில் முதல் வாரம் முழுக்க அழுகைதான், ஏனென்றால் கை பழைய இடத்துக்கே போகும். பழைய பழக்கம் எதுவும் இல்லாத பத்து வயதுப் பிள்ளைக்கு எத்தனை நாள் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

யூனிகோடுக்கு முந்தின காலத்தை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. எந்த விசைக்கு எந்த எழுத்து என்று ஒவ்வொரு ஃபாண்டுக்கும் (எழுத்துருவுக்கும்) ஒரு கணக்கு. பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல், அந்த ஃபாண்டு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தில் ஜே, கே, பி, ஓ என்று வந்து, வாலில் ஒரு அரைப்புள்ளியோடு நிற்கும். என் அலமாரியில் அப்படி ஒரு நூறு சிடி கிடக்கிறது. கோயில் மலர், பள்ளிக்கூட ஆண்டுமலர், எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுதிக்கொடுத்த ஊர் வரலாறு என்று எல்லாம் அதற்குள்தான். மாற்றித்தரும் மென்பொருள் இருக்கிறது, இருந்தாலும் பக்கம் பக்கமாகப் பார்த்துத் திருத்த வேண்டும், அதற்குக் கூலி யார் கொடுப்பார்?

இனி பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெரியவர்கள் கதைக்கு வருகிறேன். இரண்டு வருஷம் முன்னால் பிளஸ் டூ முடித்த ஒரு பெண் கடைக்கு வந்தாள். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் 'பெயர் பொருந்தவில்லை' என்று திரும்பத் திரும்ப வருகிறதாம். அவள் பெயர் எகரத்தில் தொடங்கும். சான்றிதழிலும் அதே பெயர், விண்ணப்பத்திலும் அதே பெயர். அலுவலகத்தில் கேட்டால் "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்கிறார்கள். என் கண்ணுக்கும் சரியாகத்தான் தெரிந்தது. ஏதோ சந்தேகம் வந்து, அவள் பெயரை எடுத்து இரண்டு மூன்று ஃபாண்டில் மாற்றிப் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு ஃபாண்டில் முதல் எழுத்து மட்டும் மற்ற எழுத்துகளோடு ஒட்டாமல் வேறு மாதிரி தெரிந்தது. அது எழுத்தே இல்லை, தமிழ் எண் ஏழு! எ இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ௭ போட்டிருக்கிறார்கள். கண்ணுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடத்தில் இது ஓரிடம், அது வேறிடம், கம்ப்யூட்டர் இரண்டையும் ஒன்று என்று ஒருநாளும் ஒத்துக்கொள்ளாது. அந்தப் பெண் அதற்காக மூன்று வாரம் அலைந்தாள். அடித்த ஊழியரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை, திரையில் எ மாதிரி எது தெரிந்ததோ அதைத் தொட்டிருக்கிறார். இதே மாதிரி 'ஔ'வுக்குப் பதில் ஒ, ள என்று இரண்டு எழுத்தை அடிப்பவர்கள் ஏராளம். பார்க்க ஔவையார் மாதிரியே இருப்பார், தேடினால் கிடைக்க மாட்டார்.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கருவி மாறினால் எழுத்தும் கொஞ்சம் மாறத்தான் செய்திருக்கிறது. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியே வைக்காமல் எழுதியிருக்கிறார்கள். எ, ஏ இரண்டுக்கும் உருவத்திலேயே வித்தியாசம் காட்டியவர் என்று வீரமாமுனிவரைச் சொல்கிறார்கள். 1935ல் பெரியார் குடிஅரசில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை 1978ல் எம்.ஜி.ஆர். அரசு ஏற்றுக்கொண்டது. ணா, றா, னா, லை, ளை என்று 13 எழுத்துகள் உரு மாறின. நான் பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்த சமயம் அது. அப்பா எழுதும் 'லை' யானைத் துதிக்கை மாதிரி வளைந்திருக்கும், புத்தகத்து 'லை' வேறு மாதிரி இருக்கும், இரண்டையும் படிக்கப் பழகிக்கொண்டோம். இன்றைக்கும் சில பெரியவர்கள் பத்திரிகையில் அந்தப் பழைய 'லை'தான் வேண்டும் என்று கேட்பார்கள், நானும் வரைந்து போட்டுக்கொடுப்பேன். அப்போதெல்லாம் மாற்றம் என்றால் மாறிய எழுத்தைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தத் தடவை கருவியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டோம், அவ்வளவுதான் நடந்தது.

என் கோரிக்கை பெரிதாக ஒன்றும் இல்லை. ஆறாம் வகுப்பில் வாரம் ஒரு பீரியட், பத்து வாரம், தமிழ்99. தனி ஆசிரியர் வேண்டாம், கம்ப்யூட்டர் ஆசிரியரே போதும். மென்பொருளுக்கு ஒரு பைசா செலவில்லை. விண்டோஸில் உள்ளேயே இருக்கிறது, ஐபோனிலும் இருக்கிறது, ஆண்ட்ராய்டு போன் என்றால் செல்லினம் மாதிரி ஒரு செயலியை இறக்கிக்கொள்ளலாம். லோயர், ஹையர் தேர்வையும் இந்தப் பலகைக்கு மாற்ற வேண்டும். பயிலகம் நடத்துகிறவர்கள் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேலை. ஞாயிறு சிறுவர் பக்கத்தில் ஒரு மூலையில் தமிழ்99 பலகையின் படத்தை ஆறு மாதம் விடாமல் போடுங்கள். வெட்டி ஒட்டிக்கொள்கிற அளவில் இருக்கட்டும். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வேண்டும் என்றால் லேமினேஷன் செலவு என்னுடையது.

கடிதத்தை யூனிகோடில்தான் அனுப்பியிருக்கிறேன். உங்கள் அலுவலக ஃபாண்டுக்கு மாற்றும்போது 'ஔ' உடைந்துபோகாமல் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம் புரூஃப் பார்ப்பவருக்கு: உதவித்தொகைப் பெண்ணைப் பற்றிய பத்தியில் வரும் ௭ எழுத்துப்பிழை இல்லை, திருத்திவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு டிடிபி கடைக்காரி,
விருதுநகர்