நோன்புக்கு வரவில்லை

சிவமயம்

சிங்கப்பூர்,
ஐப்பசி 20

அன்புள்ள அப்பச்சிக்கு,

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் பிள்ளையார் நோன்புக்கு நான் காரைக்குடிக்கு வரவில்லை. டிசம்பரில் இங்கே ஒரு வானொலியில் பயிற்சிக்கு எடுத்திருக்கிறார்கள். தெரிந்த ஆச்சி ஒருவர் வீட்டில் நோன்பு இழை எடுத்துக்கொள்கிறேன். ஆத்தாவிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

இப்படிப் போட்டு உடைப்பதுதான் என் ஊடகப் படிப்பில், செய்தி எழுதுவதற்கு முதல் பாடம். தலைகீழ்ப் பிரமிடு என்று பேர். யார், என்ன, எங்கே, எப்போது என்பதெல்லாம் தலையில் வர வேண்டும், கிளைக்கதை கீழே. அச்சுக்கோத்த காலத்தில் பக்கத்தில் இடம் பற்றாவிட்டால் வாலை வெட்டிவிடுவார்களாம். வெட்டினாலும் சேதி சாகக் கூடாது. எனக்கு அப்பத்தா ஞாபகம்தான் வந்தது. ஆத்தங்குடிக் கல் பெயர்ந்தது, பால்காரர் வராதது எல்லாம் போனில் சொல்லி முடித்து, "சரி, வைக்கிறேன்" என்ற பிறகுதானே அத்தைக்கு ஆபரேஷன் ஆனதைச் சொன்னார்கள்!

"டி.வி.யில் செய்தி வாசிக்கவா இவ்வளவு செலவு?" என்று சித்தப்பா கேட்டார்களாமே. வாசிப்பது இதில் ஒரு துளி. ஒலிப்பதிவு, ஊடகச் சட்டம், ஆய்வுமுறை என்று போகிறது. கணக்குக்குப் பயந்து இந்தப் படிப்புக்கு வந்தேன். புள்ளியியல் என்று பேரை மாற்றிக்கொண்டு இங்கேயும் வந்துவிட்டது. நான் படிக்கும் பள்ளிக்கே ஒரு பத்திரிகைக்காரர் பேர்தான்: வீ கிம் வீ. 1966-இல், இந்தோனேசியாவோடு மோதல் இருந்த சமயத்தில், ஜகார்த்தாவுக்குப் போய் அந்நாட்டு ராணுவத் தலைவர் சுகார்த்தோவைப் பேட்டி கண்டவர். 1985-இல் இந்த நாட்டுக்கே ஜனாதிபதியானார். சித்தப்பாவிடம் இதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். தமிழ் சினிமா என்றால் சென்னைதானே என்று கேட்ட சீனத் தோழியிடம், ஏவி.எம். ஒரு காலத்தில் காரைக்குடியில் கொட்டகை போட்டுப் படம் பிடித்தார், 1947-இல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான் என்று நானும் கொஞ்சம் அளந்தேன். அளந்தது என்ன, உண்மைதானே!

இப்போது ஒரு உதவி. ஊரை விட்டு வந்தவர்களின் சேதி வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கட்டுரை எழுத வேண்டும். நூலகத்தில் இந்த ஊர்த் தமிழ்ப் பத்திரிகையான 'தமிழ் முரசு' பழைய இதழ்களைப் பார்க்கிறேன். சாரங்கபாணி 1935-இல் தொடங்கியது. ஆனால் எனக்கு வேண்டியது நம் வீட்டு இரண்டாங்கட்டில், இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. பாட்டையா இங்கே மார்க்கெட் ஸ்ட்ரீட்டில், வட்டித்தொழில் நடந்த கிட்டங்கியிலிருந்து எழுதிய கடிதங்கள். அந்தத் தெருவுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரே கூடத்தில் பல விலாசக்காரர்கள், அதாவது தனித்தனிக் கடைக்காரர்கள், ஆளுக்கொரு பெட்டியோடு உட்கார்ந்திருந்த இடம். இப்போது அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் கட்டடங்கள்.

ஒருவர் பேசி ஊரே கேட்பது வெகுஜனத் தொடர்பு, ஒருவருக்கு ஒருவர் எழுதுவது கடிதம் என்று வகுப்பில் பிரித்தார்கள். பாட்டையா கடிதத்தை முகப்பில் வைத்து ஒருவர் உரக்க வாசிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். அப்படியானால் அது எதில் சேர்த்தி? ஆசிரியரிடம் கேட்டேன், அதையே எழுது என்றுவிட்டார். வட்டி, வசூல், யார் கப்பலேறினார் என்றெல்லாம் இருக்குமாம். பாட்டையாவின் மனைவி ஆச்சிக்கென்று ஒரு வரி இருக்காதாம். பத்துப் பேர் காதில் விழும் என்று தெரிந்தவர் எப்படி எழுதுவார்? அப்படி ஒரு வரி எங்காவது இருக்கிறதா என்றுதான் தேடப்போகிறேன். வட்டிக் கணக்கு என்று எதையும் ஒதுக்காமல், எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

இடம் பற்றாவிட்டால் இதை வெட்டிவிட்டு ஆத்தாவுக்கு வாசியுங்கள்: டிபன் கேரியர் மூடியை 179 பஸ்ஸில் விட்டுவிட்டேன். ஆத்தா பேர் வெட்டிய மூடி.

உங்கள் மகள்,
வள்ளி