விலையைக் கடைசியில் பார்

அன்புள்ள சண்முகம்,

நலம், நலமறிய ஆவல். முழங்கால் வலி குறைந்துவிட்டதென்று எழுதியிருந்தாய், படித்ததும் மனசு லேசானது. கூடவே அனுப்பிய புத்தகப் பட்டியலையும் இரண்டு முறை படித்துவிட்டேன். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் இணையத்தில் பார்த்த தொகையைப் பென்சிலில் குறித்திருக்கிறாய். முதல் வேலையாக அவற்றை அழித்துவிடு, கோபித்துக்கொள்ளாதே. அவையெல்லாம் யாரோ கேட்கிற விலை, யாரும் கொடுத்த விலை இல்லை. அதோடு, அந்தத் தொகைகள் உன்னிடமிருக்கும் புத்தகத்துக்கானவையா என்பதே இன்னும் தெரியாது. பழைய புத்தகத்தில் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். கையிலிருப்பது எது என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே விலையைத் தேடப் போய்விடுகிறார்கள்.

பழசு என்பதாலேயே புத்தகத்துக்கு விலை வந்துவிடாது. 1501-க்கு முன் ஐரோப்பாவில் அச்சானவை தனிக் கணக்கு. இன்குனாபுலா என்று அவற்றுக்குத் தனிப் பெயரே இருக்கிறது, ஒற்றைத் தாளாகக் கிடைத்தால்கூடக் கேட்க ஆளிருக்கும். அதற்குப் பிந்தியவற்றில் முந்நூறு வருஷத்துப் பிரசங்கத் தொகுப்பைச் சீந்த ஆளிருக்காது, ஐம்பது வருஷத்து நாவலுக்கு ஏலத்தில் போட்டி நடக்கும். தேடுகிறவர் எத்தனை பேர், கிடைக்கிற பிரதி எத்தனை, இவைதான் விலையைத் தீர்மானிக்கின்றன. நீ அடிக்கோடிட்டிருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெரிய பைபிள் பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் அவை ஏராளமாக அச்சாகி, வீடுதோறும் பத்திரமாகக் காக்கப்பட்டவை. விற்பனையில் பெரிதாக எதிர்பார்க்காதே.

சரி, எங்கே தொடங்குவது? தலைப்புப் பக்கத்தில். பிறகு அதைத் திருப்பி அதன் பின்பக்கம். ஆண்டு, பதிப்பகம், ஊர், "முதல் பதிப்பு" என்ற வாசகம் இருந்தால் அது, எல்லாவற்றையும் அச்சில் உள்ளபடியே எழுதிக்கொள். காப்புரிமை ஆண்டை அச்சான ஆண்டு என்று எடுத்துக்கொள்ளாதே. இருபது வருஷம் கழித்து வந்த மறு அச்சிலும் பழைய காப்புரிமை ஆண்டு அப்படியே நிற்கும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி ஆங்கிலப் புத்தகங்களில் 10 9 8 7 6 5 4 3 2 1 என்று ஒரு எண் வரிசை இருக்கும். அதில் மிஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்தான் எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்கிறது. வரிசை 3-ல் முடிந்தால் மூன்றாம் அச்சு. இதற்கும் விலக்கு உண்டு: ராண்டம் ஹவுஸ் பல வருஷங்கள் முதல் அச்சில் "முதல் பதிப்பு" என்று போட்டு, வரிசையை 2-ல் முடித்தது. ஒவ்வொரு பதிப்பகத்தின் பழக்கத்தையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

சில புத்தகங்களுக்கு ஆண்டு மட்டும் போதாது. 1925-ல் வந்த 'தி கிரேட் கேட்ஸ்பி'யின் இரண்டாம் அச்சும் அதே ஆண்டில்தான் வந்தது. முதல் அச்சை அடையாளம் காட்டுவது அச்சுப்பிழை: 205-ஆம் பக்கத்தில் "சிக்கன்டயர்ட்" என்று வரவேண்டியது "சிக் இன் டயர்ட்" என்று இருக்கும். ஹாரி பாட்டர் முதல் நூலின் 1997 முதல் அச்சில், 53-ஆம் பக்கத்துப் பள்ளிச் சாமான் பட்டியலில் "ஒரு மந்திரக்கோல்" என்று இரண்டு தடவை வரும். ஆனால் ஒரு பிழையைக் கண்ட மகிழ்ச்சியில் முடிவு கட்டிவிடாதே. எண் வரிசை, பிழை, அட்டை எல்லாம் ஒரே அச்சைக் காட்ட வேண்டும். ஒன்று ஒத்துவராவிட்டாலும் நின்று யோசி.

அடுத்தது, புத்தகம் முழுசாக இருக்கிறதா என்பது. நான் ரொம்பவும் வற்புறுத்துவது இதைத்தான், ஏனென்றால் ஒரு படத்தாளோ மடிப்பு வரைபடமோ காணாமல் போனால் விலை பாதிக்குப் பாதி விழுவது சாதாரணம். பக்க எண்ணை மட்டும் நம்பாதே. பழைய அச்சகங்களில் எண்கள் தாவும், ஒரே எண் இரண்டு முறை வரும். தாள்களை எண்ணு. பதினெட்டாம் நூற்றாண்டு வரையிலான ஐரோப்பிய அச்சாக இருந்தால் ஒரு எளிய வழி உண்டு. பக்கத்தின் கீழே வலது மூலையில் ஒற்றைச் சொல் தனியாக நிற்கும். அடுத்த பக்கம் அந்தச் சொல்லில்தான் தொடங்க வேண்டும். கீழே ஒரு சொல், எதிர்ப்பக்கத் தொடக்கத்தில் வேறொரு சொல் என்றால் அங்கே நின்றுவிடு. பெரும்பாலும் ஒரு தாள் போயிருக்கும். அச்சகத்தாரே பிழை விட்டிருக்கலாம் என்பதால், ஃபாரம் எழுத்தைக் கொண்டு உறுதி செய்துகொள். ஃபாரம் என்பது சேர்த்து மடித்துத் தைத்த ஒரு தாள் கட்டு. சில தாள்களின் அடியில் ஏ, ஏ2, ஏ3 என்று சிறிதாக இருக்கும், அடுத்த ஃபாரம் பி-யில் தொடங்கும். ஜே, டபிள்யூ இல்லையே, யூ-வும் வி-யும் ஒன்றுதானா என்று பதறாதே. ஃபாரம் எழுத்து 23 எழுத்துக்கொண்ட லத்தீன் வரிசையில்தான் ஓடும்.

காணாமல் போன தாளுக்குப் பதில் நகல் தாள் ஒட்டியிருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். சந்தேகமான தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடி. பழைய கைத்தாளில் ஏறக்குறைய ஓர் அங்குல இடைவெளியில் கோடுகள் தெரியும், சிலவற்றில் நடுவே நீர்க்குறியும் தெரியும். பக்கத்துத் தாள்களிலெல்லாம் கோடு ஓடி, இதில் மட்டும் வழுவழுவென்று ஒன்றுமில்லாமல் இருந்தால் அது பின்னால் சேர்த்த தாளாக இருக்கலாம். பிறகு லென்ஸை எழுத்தின்மேல் வை. ஈய எழுத்து அழுந்திய தாளில் லேசான பள்ளம் இருக்கும். பின்பக்கத்தை விரல் நுனியால் தடவினாலே மேடு தட்டும். நகலில் எழுத்து தட்டையாகத் தாள்மேல் படிந்திருக்கும். படங்களில் புள்ளி புள்ளியாக வலை தெரிந்தால் அது புகைப்பட முறையில் வந்தது. 1700-களின் செப்புத்தகட்டுப் படத்தில் அந்த வலை இருக்கவே முடியாது.

புத்தகத்தின் நிலையைச் சொல்ல வியாபாரிகள் வைத்திருக்கும் சொற்களுக்கு அகராதிப் பொருள் செல்லாது. ஃபைன், நியர் ஃபைன், வெரி குட், குட், ஃபேர், புவர் என்பது வரிசை. "குட்" என்று போட்டிருந்தால் நல்ல நிலை என்று எண்ணிவிடாதே. தேய்ந்த, முழுசாக இருக்கிற, வாசிக்கத் தகுந்த பிரதி என்றுதான் அர்த்தம். பழுப்புப் புள்ளி, நீர்க்கறை, பூச்சித் துளை, விரிந்த தையல், வெயிலில் வெளுத்த முதுகு என்று ஒவ்வொன்றையும் எந்தப் பக்கத்தில், எத்தனை என்று எழுது. நூலக முத்திரையும், இரவல் அட்டை செருகும் பையும் இருந்தால் சாதாரணப் புத்தகத்தின் விலை பெருமளவு சரியும்.

இருபதாம் நூற்றாண்டு நாவல்களில் மேலுறைதான் ராஜா. புத்தகத்தைவிட அந்த மெல்லிய காகிதத்துக்குப் பல மடங்கு விலை, ஏனென்றால் அந்தக் காலத்தில் கடையிலிருந்து வந்ததும் கழற்றி எறிந்துவிடுவார்கள். மேலுறையின் உள்மடிப்பு மூலையில் விலை அச்சாகியிருக்கிறதா, வெட்டியிருக்கிறார்களா என்று பார். விலையே அச்சாகாமல், பின்னட்டையின் கீழ் மூலையில் சிறு குழி போல ஒரு அழுத்தம் இருந்தால் அது பெரும்பாலும் புத்தகக் கிளப் பதிப்பு, அதாவது கிளப் உறுப்பினர்களுக்கென்று தனியாக அச்சிட்டது. முதல் பதிப்பு போலவே தோன்றும், விலை போகாது.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகு விலைக்குப் போ. கேட்கும் விலைகளைப் பல தளங்களிலிருந்தும் ஒரே இடத்தில் காட்ட வயாலிப்ரி என்ற இணையதளம் இருக்கிறது. அதில் குறைந்த விலைகளைக் கவனி. உச்ச விலை பல வருஷமாக விற்காமலே நின்றிருக்கலாம். யாராவது கேட்டதும் அச்சிட்டுத் தரும் புது நகல்களை ஒதுக்கிவிடு, அவை பழைய ஆண்டையே போட்டுக்கொண்டு வரும். உண்மையில் கைமாறிய தொகைக்கு ஏலப் பதிவுகள்தான் சாட்சி. ரேர் புக் ஹப் என்ற இணையதளம் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது, சந்தா கட்டித்தான் முழுதும் பார்க்க முடியும். அங்கே அதே அச்சு, ஏறக்குறைய அதே நிலை, கடந்த சில வருஷம் என்று மூன்றும் பொருந்துகிறவற்றை மட்டும் எடு. வெளியான தொகையில் வாங்கியவர் கட்டிய கமிஷன் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க மறக்காதே. அது ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இருக்கும், விற்றவர் கைக்கு வராது.

இன்ஷூரன்ஸுக்கு எழுதும் தொகை வேறு, வியாபாரி உனக்குத் தரும் தொகை வேறு. முன்னது அதே பிரதியைக் கடையில் திரும்ப வாங்க ஆகும் செலவு. பின்னது பெரும்பாலும் அதில் பாதிக்கும் கீழே, ஏனென்றால் அவர் பணத்தை முடக்கி, மாதக்கணக்கில் காத்திருந்து விற்க வேண்டும். அதை மோசடி என்று நினைக்காதே. ஆனால் மதிப்பிட்டுச் சொல்பவரே வாங்குபவராகவும் இருந்தால் இன்னொருவரிடமும் கேட்டுவிடு.

அதுவரை எதையும் துடைக்காதே, டேப் ஒட்டாதே, புது பைண்டிங் போடாதே. மூல அட்டையைப் பிரித்துவிட்டால் திரும்ப வராது. உள்ளே செருகியிருக்கும் சீட்டு, கடிதம், பெயர் எழுதிய தாள் எதையும் எறியாதே. ஆசிரியர் யாருக்கு எழுதிக் கொடுத்தார் என்பது தெரிந்தால், அதுவே சாதாரணப் பிரதியை வேறு வரிசையில் உட்கார வைக்கும்.

உன் பட்டியலில் 7, 12, 19 மூன்றும் எனக்கு ஆவலைத் தூண்டுகின்றன. அவற்றின் தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், முதுகு, கடைசித் தாள், பழுதுபட்ட இடங்கள் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல் படமெடுத்து அனுப்பு. தாள் எண்ணிக்கையையும் கூடவே எழுது.

அன்புடன்,
கோபால்