மாஹிம் டீக்கடைக்காரருக்கும், பேர் தெரியாத தம்பிக்கும்

செவ்வாய்க்கிழமை (2006 ஜூலை 11) சாயங்காலம் மும்பை மின்சார ரயில்களில் குண்டுகள் வெடித்ததைத் திரும்ப எழுதப்போவதில்லை. ஆறு நாளாக எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். குண்டு வெடித்த முதல் வகுப்புக்கு அடுத்த பெட்டியில் இருந்தேன், பிழைத்துவிட்டேன். இடது காதுக்குள் இன்னும் வண்டு குடைகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

இந்த மடல் மாஹிம் ஸ்டேஷனுக்கு மேற்கே ஒரு ரூபாய் காசு போட்டுப் பேசும் போன் வைத்திருக்கும் டீக்கடைக்காரருக்கு. அப்புறம் அந்தத் தம்பிக்கு.

அன்றைக்குச் செல்போனில் லைனே கிடைக்கவில்லை. கடை முன்னால் பெரிய கூட்டம். எனக்கோ இரண்டு காதும் அடைத்துவிட்டதால் ரிசீவரைக் கொடுத்தாலும் பிரயோஜனம் இல்லை. சைகை காட்டினேன். கடைக்காரர் ஒரு சிகரெட் அட்டையைக் கிழித்து நீட்டினார், வீட்டு நம்பரை எழுதினேன். அவரே டயல் செய்து நாலு வார்த்தை பேசியதும் முகம் சுருங்கியது. எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா திருநெல்வேலியிலிருந்து மாலாடில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. இந்தியில் ‘நஹி’ தவிர ஒன்றும் தெரியாது. எதிரே டிவியில் அந்தக் காட்சிகள், காதில் புரியாத பாஷையில் யாரோ ஒரு ஆண் குரல். என்ன நினைத்திருப்பாள்?

அவர் போனை வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனித்திருக்கலாம். வைக்கவில்லை. ரிசீவரைப் பொத்திக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து ஏதோ கத்தினார். ‘மதராஸி’ என்று உதடு அசைந்தது தெரிந்தது. (பதினோரு வருஷமாக இந்த ஊரில் அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைக்கும். அன்றைக்குத் தைக்கவில்லை.) படுக்கை விரிப்பில் ஆட்களைத் தூக்கிக்கொண்டிருந்த ஒரு பையன் ஓடி வந்தான். சட்டையெல்லாம் ரத்தம், அவனுடையது இல்லை. தாராவிப் பையனாக இருக்க வேண்டும். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு ரிசீவரை வாங்கினான்.

அவன் பேசியது ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும்.

“அம்மா, பதறாதீய. ஒங்க மவன் ஏம் பக்கத்துலதான் டீ குடிச்சிக்கிட்டு இருக்காவ.”

நான் ஏன் பேசவில்லை என்று அம்மா விடாமல் கேட்டிருக்கிறாள். “வாய் நெறய பிஸ்கட்டு வச்சிருக்காவ” என்றானாம். போனை வைத்த கையோடு ஒரு கட்டிங் டீயும் (அரை கிளாஸ்தான்) பார்லே-ஜியும் என் கையில் திணித்தான். எதற்கு என்று அப்போது விளங்கவில்லை. பேர் கேட்பதற்குள் தண்டவாளப் பக்கம் ஓடிவிட்டான்.

கடைக்காரர் யாரிடமும் காசு வாங்கவில்லை. போன் பெட்டியைத் திறந்து, விழுந்த ஒரு ரூபாய்களையே எடுத்து மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்.

இன்னும் பலருக்கு நன்றி சொல்ல வேண்டும். விரிப்பு கொண்டுவந்த குடிசைக்காரர்கள், மீட்டர் போடாத ஆட்டோக்காரர், ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றவர்கள், நடந்து வந்த வழியெல்லாம் தண்ணீர் நீட்டிய கைகள். முகம் ஒன்றும் நினைவில்லை, மன்னியுங்கள்.

மறுநாளே ரயில் ஏறிய மும்பையின் மன உறுதி என்று டிவியில் பாராட்டுகிறார்கள். போன வருஷம் ஜூலை 26-இல் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோதும் இதைத்தான் சொன்னார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மறுநாள் ஏறியவர்களில் பாதிப் பேர் சம்பளம் பிடிப்பார்கள் என்றுதான் ஏறியிருப்பார்கள். ஊரை மொத்தமாகப் புகழும்போது அந்தச் சிகரெட் அட்டை காணாமல் போய்விடுகிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அம்மா தமிழில் பேச, அவர் இந்தியில் தலையாட்ட, நான் நடுவில் பாதி காதோடு நின்றேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்தப் பக்கம் போகிறவர்கள் இதைப் படித்துச் சொல்லுங்கள்.

தம்பி, உன்னைத் தாராவித் தொண்ணூறு அடி ரோட்டில் தேடினோம், கிடைக்கவில்லை. அம்மா சுட்ட முறுக்கு ஒரு டப்பா நிறைய அந்தக் கடையில் இருக்கிறது. பேர் சொல்ல வேண்டாம், இரண்டு வார்த்தை பேசினால் போதும், உன் குரல் எனக்குத் தெரியும் என்கிறாள். பதினைந்து நாள் வரை நமத்துப்போகாதாம்.