பெண்கள் கைப்பையில் வைத்திருக்கும் ஷாக் கருவிக்குத் தெளிவான விதி வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்:
பனியன் கம்பெனி, நூற்பாலைப் பெண் தொழிலாளர்கள்,
அவிநாசி வட்டம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருப்பூர் மாவட்டம்.

பொருள்: தற்காப்புக்கான மின் அதிர்ச்சிக் கருவிகளை யார் வைத்திருக்கலாம் என்பதைத் தெளிவுபடுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். ஷிப்ட் முடிந்து ராத்திரியில் பஸ் இறங்கி ஊருக்குள் நடந்து போகிற எங்களில் பலர் இப்போது கைப்பையில் ஷாக் அடிக்கும் டார்ச் லைட் வைத்திருக்கிறோம். ஆன்லைனில் பணம் கட்டினால் வீட்டுக்கே வந்துவிடுகிறது. அதை வைத்திருப்பது சட்டப்படி சரியா என்று கேட்டால் கடைக்காரர் ஒன்று சொல்கிறார், வக்கீல் வேறொன்று சொல்கிறார். வாகனச் சோதனையில் பையைத் திறக்கச் சொல்லும் போலீஸ்காரர் என்ன சொல்வாரோ என்பதுதான் எங்கள் பயம்.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், தாக்குவதற்கோ தற்காப்புக்கோ ஆயுதமாகச் செய்யப்பட்ட எந்தப் பொருளையும் ஆயுதம் என்கிறது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே பயன்படும் தடி, கைத்தடி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. வெடிமருந்தால் மட்டுமல்ல, வேறு வகை ஆற்றலால் எறிபொருளைச் செலுத்தினாலும் அது துப்பாக்கி வகையில் சேரும். டேசர் என்பது கம்பி கோத்த முட்களை அழுத்த வாயுவால் எறிந்து, எட்ட நிற்கும் ஆளின் தசைகளையே முடக்கிப் போடுவது. அதற்கு லைசென்ஸ் கட்டாயம் என்றால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை; கண்டவர் கையில் அது இருக்கவே கூடாது. ஆனால் எங்கள் பையில் இருப்பது எதையும் எறியாது. ஆள் மேல் வைத்து அழுத்தினால் வலிக்கும், அவ்வளவுதான். பெட்டியின் மேல் போட்டிருக்கும் லட்சக்கணக்கான வோல்ட் எல்லாம் வியாபாரத்துக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இந்த இரு வகைக் கருவிகளும் முழுவதும் தடை செய்யப்பட்டிருந்தன. பழைய காதலனுக்குப் பயந்து ஸ்டன் கன் (தொட்டால் ஷாக் அடிக்கும் கருவி) வைத்திருந்த ஒரு பெண்ணையே அங்கே குற்றவாளி என்று தீர்ப்பளித்தார்கள். 2016இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2018இல் மாநில நீதிமன்றம் தடையையே செல்லாது என்றது. அப்புறம் லைசென்ஸ் முறை வந்தது. இங்கேயும் ஒரு பெண் வழக்கில் சிக்கிய பிறகுதான் விதி தெளிவாக வேண்டுமா?

ஆயுதச் சட்டம் மத்திய அரசுடையது என்பது தெரியும். ஆனாலும் மாவட்டத்தில் ஆயுத உரிமம் வழங்குகிற அதிகாரி என்ற முறையில் தங்களிடம் கேட்கிறோம். எந்தக் கருவிக்கு உரிமம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஆலை வாசலிலும் ஒட்டச் செய்ய வேண்டும். தொட்டால் மட்டும் ஷாக் தரும் கருவியை வயது வந்த பெண்கள் உரிமமின்றி வைத்திருக்க அனுமதிக்குமாறு உள்துறைக்குப் பரிந்துரைக்க வேண்டும். விற்பவர்கள் வாங்குபவரின் வயதையும் முகவரியையும் பதிந்து வைக்கட்டும். வழிப்பறி செய்பவன் கையிலும் இதே டார்ச் இருக்கலாம் அல்லவா?

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. அதற்கு உதவும் பொருளை வைத்திருப்பதே குற்றமாகுமா என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

கையில் ஷாக் டார்ச் இருக்கிறதே என்று இரவு ஷிப்ட் வண்டியை நிறுத்திவிட நிர்வாகங்கள் நினைத்தால், அதையும் தாங்கள் அனுமதிக்கக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெண் தொழிலாளர்கள்,
அவிநாசி.

இணைப்பு: கையொப்பப் பட்டியல்.